தெத்துப்பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்குவது ஏன்?

மேல் வரிசையில் ஒரு பல் மட்டும் ஈற்றுக்கு மேலே ஏறி, உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதைத் தெத்துப்பல் என்போம். சிலர் சிங்கப்பல் என்பார்கள். பிள்ளைக்குக் கிளிப் போட அழைத்துவரும் அம்மாக்கள் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ஒரு பல்லை மட்டும் எடுத்துட்டா சரியாயிடும்ல டாக்டர்?" என்பதுதான். மருத்துவர் இல்லை என்று சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் வரிசையில் ஒழுங்காக, சொத்தை எதுவும் இல்லாமல் நிற்கும் ஒரு பல்லைக் காட்டி, "இதை எடுக்கணும்" என்பார். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக மொத்தம் நான்கு. வீடு திரும்பும் வழியிலேயே சந்தேகம் வந்துவிடும். கோணல் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்கிறாரே, இவருக்கு விஷயம் தெரியுமா?

தெரிந்துதான் சொல்கிறார். தெத்துப்பல்லாக நிற்பது பெரும்பாலும் கோரைப்பல். வாயிலேயே நீளமான வேர் அதற்குத்தான். வாயின் மூலையில் நின்று உதட்டோரத்துக்குத் தாங்கலாக இருக்கிறது. தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மெல்லும்போது மேல், கீழ் கோரைப்பற்கள் உரசி, பின்பற்களின் மீது விழும் பக்கச் சுமையைத் தாமே ஏற்கின்றன. வயதான பிறகும் பலருக்குக் கடைசிவரை நிற்கும் பற்களில் அதுவும் ஒன்று. அது செய்த ஒரே தப்பு, தாமதமாக வந்தது. மேல் கோரைப்பல் பொதுவாக 11, 12 வயதில் முளைக்கிறது. அதற்குள் முன்னால் இருக்கும் வெட்டுப்பல்லும் பின்னால் இருக்கும் முன்கடைவாய்ப்பல்லும் வந்து உட்கார்ந்திருக்கும். தாடையில் இடம் குறைவென்றால் அந்தக் குறைவு முழுவதும் கடைசியாக வருகிறவன் தலையில் விழும். வேறு வழியில்லாமல் அது வெளியே ஏறி நிற்கிறது.

ஆகவே எந்தப் பல் கோணல் என்று மருத்துவர் தேடுவதில்லை. எவ்வளவு இடம் வேண்டும், எந்தப் பக்கத்தில் வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். கோணலாக நிற்கும் பல்லைக் கம்பியால் நகர்த்திவிடலாம். இல்லாத இடத்தைக் கம்பி உண்டாக்காது.

கணக்குக்குள் போகும் முன் பற்களின் எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவர் எழுதும் சீட்டில் அவைதான் இருக்கும். வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. ஒவ்வொரு பகுதியிலும் நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கிப் பற்களை 1 முதல் 8 வரை எண்ணுகிறார்கள். 1, 2 வெட்டுப்பற்கள். 3 கோரைப்பல். 4, 5 முன்கடைவாய்ப்பற்கள். 6, 7 கடைவாய்ப்பற்கள். 8 ஞானப்பல். சீட்டில் 14, 24, 34, 44 என்றிருந்தால் நான்கு பகுதியிலும் நான்காவது பல் என்று பொருள். முதல் எண்ணைப் பதினான்கு என்று படிக்கக் கூடாது. ஒன்று, நான்கு என்று பிரித்துப் படிக்க வேண்டும். உலகத்தில் கிளிப்புக்காக அதிகம் பிடுங்கப்படும் பல் இந்த நான்காம் எண்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். 13 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். கீழ் வரிசையில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. முன்பற்கள் முன்னால் சாய்ந்திருப்பதால் உதட்டை இழுத்து மூடினால்தான் வாய் மூடுகிறது. அச்சு எடுத்து, ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் அளந்து கூட்டி, அவை நிற்கத் தாடையில் உள்ள வளைவின் நீளத்தோடு ஒப்பிடுகிறார்கள். பற்கள் 6 மி.மீ. அதிகமாக இருக்கின்றன. நெரிசலைத் தீர்க்க மட்டும் இவ்வளவு இடம் வேண்டும்.

அடுத்து உதடு. முன்பற்களை 3 மி.மீ. உள்ளே தள்ள வேண்டும் என்று பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். முன்பற்கள் 1 மி.மீ. உள்ளே போனால் வளைவில் வலப்பக்கம் 1, இடப்பக்கம் 1 என்று 2 மி.மீ. இடம் செலவாகும். 3 மி.மீ. தள்ள 6 மி.மீ. வேண்டும். கீழ் வரிசையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் படகு போல ஒரு பள்ளம் தெரியும். அதைச் சமன் செய்ய இன்னொரு 1 மி.மீ. ஆக மொத்தம் 13.

ஒரு முன்கடைவாய்ப்பல்லின் அகலம் ஏறக்குறைய 7 மி.மீ. கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக எடுத்தால் 14 கிடைக்கும். தேவை 13, கையில் 14. மீதி 1 மி.மீ.தான். அதாவது பின்னால் இருக்கும் கடைவாய்ப்பற்கள் பக்கத்துக்கு அரை மி.மீ.க்கு மேல் முன்னால் வந்துவிடக் கூடாது. வந்தால் முன்பற்களுக்கு வேண்டிய இடத்தை அவை தின்றுவிடும். பற்களை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. இடம் உண்டாக்குவது சுலபம். அந்த இடத்தை யார் எடுத்துக்கொள்வது என்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது.

இதே பெண்ணுக்கு உதடு நன்றாக இருந்து, 6 மி.மீ. நெரிசல் மட்டும் இருந்தால்? 14 கிடைத்து 6 செலவானால் 8 மிச்சம். அந்த 8 மி.மீ. இடைவெளியை மூடக் கடைவாய்ப்பற்கள் பக்கத்துக்கு 4 மி.மீ. முன்னால் வர வேண்டும். கவனமில்லாமல் மூடினால் முன்பற்கள் உள்ளே இழுபட்டு, நன்றாக இருந்த உதடு தட்டையாகிவிடும். இவளுக்கு 4-ஆம் பல்லை எடுப்பது தப்பான முடிவாகக்கூட இருக்கலாம். 5-ஐ எடுக்கலாம், இல்லை எதையும் எடுக்காமல் சமாளிக்கலாம். பாடப்புத்தகங்களில் ஒரு பொதுக் கணக்கு உண்டு. நெரிசல் 4 மி.மீ.க்குக் கீழே என்றால் பற்களை எடுக்கும் தேவை அபூர்வம். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் எடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

4-க்கும் 5-க்கும் என்ன அவ்வளவு வித்தியாசம், இரண்டும் அக்கம்பக்கம்தானே என்று தோன்றும். அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் இழுபறியில் வருகிறது. பல்லை எடுத்த இடைவெளியின் இருபுறமும் உள்ள பற்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும்போது நடப்பது கயிறு இழுக்கும் போட்டிதான்: வேர் அதிகமுள்ள அணி நின்ற இடத்தில் நிற்கும், மற்ற அணி நகரும். 4-ஐ எடுத்தால் முன்னணியில் 1, 2, 3. பின்னணியில் 5, 6, 7. பின்னணி பலசாலி, ஆகவே இடைவெளியில் பாதிக்கு மேல் முன்பற்களுக்குக் கிடைக்கும். 5-ஐ எடுத்தால் 4-ஆம் பல் முன்னணிக்குக் கட்சி மாறிவிடுகிறது. பின்னணியில் 6, 7 மட்டும். கடைவாய்ப்பற்கள் இப்போது இன்னும் தாராளமாக முன்னே வரும், முன்பற்கள் அவ்வளவாக உள்ளே போகாது. முன்னால் நீட்டிய பற்களை உள்ளே தள்ள வேண்டுமென்றால் 4. முகம் அப்படியே இருக்கட்டும், நெரிசல் தீர்ந்தால் போதும் என்றால் 5. முழு விதியும் இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதிக்கு மேல் இதுதான்.

பின்னணி கொஞ்சமும் நகரக் கூடாது என்றால் அண்ணத்தின் குறுக்கே ஒரு கம்பி வைத்து வலது, இடது கடைவாய்ப்பற்களை இணைப்பார்கள். இப்போது அதிகம் பயன்படுவது எலும்பில் நேரடியாகப் பொருத்தும் சின்ன டைட்டானியம் திருகு. எலும்பையே பிடிமானமாக வைத்து முன்பற்களை இழுக்கலாம். இந்தத் திருகு வந்த பிறகு 4-ஆ 5-ஆ என்ற சண்டையின் சூடு கொஞ்சம் தணிந்திருக்கிறது.

வாயில் 4-ஆம் பல் நிற்கும் இடமும் அதற்கு வசதி. வளைவின் நடுவில் இருப்பதால் முன்பக்க நெரிசலுக்கும் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்த பிறகு 5-ஆம் பல் கோரைப்பல்லோடு ஒட்டி நின்றால் பார்க்கவும் வித்தியாசம் தெரியாது, மெல்லவும் குறையிராது. முன்பல்லை எடுத்தால் சிரிக்கும்போது தெரியும். 6 மெல்லுவதற்கான முக்கியப் பல்; 10, 11 மி.மீ. அகலம் வேறு, அவ்வளவு பெரிய இடைவெளியை மூட நாளாகும். 7 தொலைவில் இருக்கிறது, அங்கே கிடைக்கும் இடம் முன்பற்களை வந்து சேரவே வெகுகாலம் பிடிக்கும்.

மேலே எடுத்த பல்லையே கீழேயும் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேல் வரிசை மட்டும் முன்னால் நீட்டி, கீழ் வரிசை ஒழுங்காக இருந்தால் மேலே இரண்டு 4-ஐ மட்டும் எடுத்து முடித்துவிடலாம். மேலே நீட்டல், கீழேயும் நெரிசல், அதோடு கீழ்க் கடைவாய்ப்பற்கள் பின்தங்கியும் இருந்தால் மேலே 4, கீழே 5. கீழே 5-ஐ எடுப்பதால் கீழ்க் கடைவாய்ப்பற்கள் முன்னே வந்து மேல் பற்களோடு சரியாகப் பொருந்தும். கீழ் வரிசை மேல் வரிசைக்கு முன்னால் கடிக்கிறதென்றால் இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம்: கீழே 4, மேலே 5, அல்லது கீழே மட்டும் 4. தாடை எலும்பே பெரிய அளவில் முன்பின்னாக இருந்தால் பல்லைப் பிடுங்கி ஈடுகட்ட முடியாது. அது அறுவைச் சிகிச்சைக்குப் போகும் கதை.

நம் ஊரில் அடிக்கடி பார்ப்பது மேல், கீழ் இரண்டு வரிசை முன்பற்களும் சேர்ந்து நீட்டி, உதடுகள் பிதுங்கி நிற்பது. பல் வரிசையில் நெரிசலே இருக்காது, கடியும் சரியாக இருக்கும். "பல்லெல்லாம் வரிசையாத்தானே இருக்கு, எதுக்குப் பிடுங்கணும்?" என்று வீட்டில் கேட்பார்கள். இவர்களுக்கு நான்கு 4-களையும் எடுத்து, கிடைத்த இடம் முழுவதையும் முன்பற்களை உள்ளே கொண்டுபோகவே செலவழிக்கிறார்கள். பல் போகும் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உதடும் பின்னால் போகும் என்பது பொதுவான கணக்கு. தடித்த உதட்டில் குறையலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எல்லாப் பற்களும் நல்ல நிலையில் இருந்தால். வாயில் ஏற்கெனவே கெட்டுப்போன பல் ஒன்று இருந்தால் கணக்கு மாறிவிடும். பாதி உடைந்து, வேர் சிகிச்சை செய்து, உறை போட்டு, மறுபடியும் வீங்கும் கடைவாய்ப்பல் ஒன்றை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் நல்ல 4-ஐ எடுப்பதில் என்ன நியாயம்? இங்கே 6-ஆம் பல் மாட்டிக்கொள்கிறது. அது 6 வயதிலேயே, எந்தப் பால்பல்லும் விழாமல், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். அதையும் பால்பல் என்று நினைத்து, விழப்போகிறதுதானே என்று சொத்தையைக் கவனிக்காமல் விட்டுவிடும் வீடுகள் நிறைய. 8 முதல் 10 வயதுக்குள் அந்த 6 தேறாது என்று தெரிந்துவிட்டால், சரியான நேரம் பார்த்து எடுத்தால், எலும்புக்குள் இருக்கும் 7 தானாகவே முன்னே வந்து அதன் இடத்தில் முளைக்க வாய்ப்புண்டு. எக்ஸ்ரேயில் 7-இன் வேர்கள் அப்போதுதான் பிரியத் தொடங்கும் நிலையில் இருக்கும். 8 இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள். கீழ் வரிசையில் இந்த நேரம் தவறினால் 7 சாய்ந்து முளைத்து, பின்னாளில் கம்பி போட்டு நிமிர்த்த வேண்டி வரும். வளர்ந்தவர்களுக்கும் கெட்ட 6-ஐ எடுத்து 7, 8 இரண்டையும் முன்னே இழுப்பதுண்டு. நல்ல பல் ஒன்று பிழைக்கும், ஆனால் மாதங்கள் கூடும். பல் நகர்வது மாதத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் என்பதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

விதிவிலக்குகளும் உண்டு. கீழ் வெட்டுப்பற்கள் நான்கில் ஒன்றை மட்டும் எடுப்பது அவற்றில் விசித்திரமானது. மேல், கீழ் முன்பற்களின் அகலத்துக்கு ஒரு விகிதம் உண்டு. வேன் போல்டன் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் 1958-இல் வெளியிட்ட கணக்கில், கோரைப்பற்களையும் சேர்த்துக் கீழ் முன்பற்கள் ஆறின் கூட்டு அகலம் மேல் ஆறின் அகலத்தில் 77.2 சதவீதம் இருக்க வேண்டும். கீழ்ப்பற்கள் அதைவிடப் பெரிதாக இருந்து, நெரிசலும் அங்கேயே இருந்து, மற்றபடி கடி நன்றாக இருந்தால் ஒரு வெட்டுப்பல்லை எடுத்துவிட்டு மூன்றோடு முடிப்பார்கள். கீழ் நடுக்கோடு மேல் நடுக்கோட்டோடு பொருந்தாது. ஈறோரத்தில் கறுப்பாகச் சின்ன முக்கோண இடைவெளி தெரியவும் கூடும். நடுக்கோடு ஏற்கெனவே ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் மறுபக்கத்தில் மட்டும் பல்லை எடுப்பதும் நடக்கும். பிறவியிலேயே 5 இல்லாதவர்களுக்கு, அந்த இடத்தில் நிற்கும் பால்பல்லை எடுத்து இடைவெளியை மூடலாம். தொடக்கத்தில் நாம் காப்பாற்றிய கோரைப்பல்லையே எடுக்க வேண்டிய நேரமும் உண்டு. அண்ணத்துக்குள் படுத்து, எலும்போடு ஒட்டிக்கொண்டு, எப்படி இழுத்தாலும் வராது என்றானால் அதை விட்டுவிட்டு 4-ஐ அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்.

பல்லைப் பிடுங்குவதா வேண்டாமா என்ற சண்டை இந்தத் துறை பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் நவீனப் பல் சீரமைப்புக்கு அடித்தளம் போட்ட எட்வர்ட் ஆங்கிள், 32 பல்லும் இருக்கத்தான் வேண்டும், ஒன்றையும் எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். கால்வின் கேஸ் என்ற சக மருத்துவர் அதை மறுத்து 1911-இல் எழுப்பிய வாதம் பெரும் சர்ச்சையானது. அன்றைக்கு ஆங்கிளின் கட்சியே வென்றது. ஆங்கிள் 1930-இல் இறந்தார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட் குரு சொன்னபடியே சிகிச்சை செய்துவந்தார். ஆனால் பற்கள் மறுபடியும் கலைவதையும் முகம் பிதுங்குவதையும் பார்த்து மனம் மாறினார். தான் ஏற்கெனவே முடித்த நோயாளிகளையே திரும்ப அழைத்து, நான்கு முன்கடைவாய்ப்பற்களை எடுத்து மறுபடி சிகிச்சை செய்து, 1940-இல் நூறு பேரின் முன்-பின் நிலைகளைச் சக மருத்துவர்கள் முன் வைத்தார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ரேமண்ட் பெக் என்ற, ஆங்கிளின் இன்னொரு மாணவரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார். பூர்வகுடி மக்களின் பற்கள் கரடுமுரடான உணவால் பக்கவாட்டில் தேய்ந்து குறுகுவதைக் கண்டு, மெத்தென்ற உணவு உண்பவர்களுக்கு அந்தத் தேய்மானம் இல்லாததால் பற்கள் நெருக்குகின்றன, ஆகவே எடுப்பதே இயற்கைக்கு ஒத்தது என்றார். அந்த விளக்கத்தை இன்று அப்படியே யாரும் ஏற்பதில்லை.

அதன்பின் ஊசல் எப்படி ஆடியது என்பதற்கு வட கரோலினா பல்கலைக்கழக மருத்துவமனையின் கணக்கு போதும். அங்கே பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்றவர்கள் 1953-இல் 30 சதவீதம், 1968-இல் 76 சதவீதம், 1993-இல் 28 சதவீதம். நாற்பது வருடத்தில் மனிதர்களின் தாடை மாறிவிடவில்லை. பற்களை எடுத்தால் பிற்காலத்தில் கலையாது என்ற நம்பிக்கை தளர்ந்தது, உதடு நிறைந்த முகத்தின் மீது விருப்பம் கூடியது, கம்பிகளும் மேம்பட்டன. எல்லைக்கோட்டில் இருக்கும் ஒருவருக்கு மருத்துவர் சொல்லும் பதிலில் அவர் படித்த காலமும் கல்லூரியும் கொஞ்சம் கலந்திருக்கும். ஆகவே "எடுத்தே ஆகணும்", "எடுக்கவே கூடாது" என்று அளவே எடுக்காமல் சொல்பவர் யாராக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

எடுக்காமல் இடம் உண்டாக்கும் வழிகளும் இருக்கின்றன. வளரும் வயதில் மேல்தாடையை அகலப்படுத்தலாம். பற்களின் பக்கங்களை நூலிழை அளவு தேய்த்து, ஒவ்வொரு இடுக்கிலும் அரை மி.மீ. வரை சம்பாதிக்கலாம். திருகு வைத்துக் கடைவாய்ப்பற்களைப் பின்னால் தள்ளலாம். கீழே 5 முளைக்கும் முன் நிற்கும் பால்பல் அதைவிட அகலமானது. அது விழும் தருவாயில் ஒரு கம்பி போட்டு இடத்தைப் பிடித்துவைத்தால் சின்ன நெரிசல் அதிலேயே தீர்ந்துவிடும். இதையெல்லாம் தேவைக்கு மீறிச் செய்தால் பற்கள் எலும்பின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு ஈறு இறங்கும். முன்பற்கள் ஏற்கெனவே கீழ்ப்பற்களை ஆழமாக மூடிக் கடிப்பவர்களுக்கு எடுக்காமல் முடிக்கவே பார்ப்பார்கள். இடைவெளியை மூடும்போது கடி இன்னும் ஆழமாகிவிடும்.

நம் வீடுகளில் கேட்கும் பயங்களில் முதலாவது, மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லைப் பிடுங்குவதால் பார்வை போகாது. இரண்டாவது, ஞானப்பல்லை எடுத்தால் முன்பல் நெரிசல் சரியாகிவிடும் என்பது. 8-ஐ எடுப்பதால் முன்பற்கள் தாமாக நேராவதில்லை, வயதாக ஆகக் கீழ் முன்பற்கள் நெருங்குவதும் நிற்பதில்லை. மூன்றாவது, நான்கு பல் போனால் மெல்ல முடியாது என்பது. சிகிச்சை முடியும்போது இடைவெளி மூடியிருக்கும். மீதிப் பற்கள் சரியாகப் பொருந்திக் கடித்தால் குறை தெரியாது.

பல்லை எடுப்பவரும் கிளிப் போடுபவரும் பல நேரம் வேறு வேறு ஆட்கள். ஆகவே சீட்டில் எண்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 14-க்குப் பதில் 15 போய்விட்டால் திரும்ப வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் எந்தப் பல் என்று கண்ணாடியில் காட்டச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: எனக்கு எத்தனை மி.மீ. இடம் தேவை, எடுக்காமல் முடித்தால் என் முகமும் ஈறும் எப்படி இருக்கும், கிடைக்கும் இடத்தில் எவ்வளவு முன்பற்களுக்குப் போகும். அளவெடுத்தவருக்கு இவற்றுக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அப்புறம், அடுத்த சில மாதங்களில் கல்லூரிக்கோ வேலைக்கோ ஊர் மாறப்போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான்கு இடைவெளிகளோடு நடுவழியில் வந்து நிற்கும் நோயாளியைப் புது மருத்துவர்கள் எளிதில் ஏற்பதில்லை. அச்சும் எக்ஸ்ரேயும் சிகிச்சைத் திட்டமும் கையில் இருந்தால்தான் பேச்சே தொடங்கும்.